எல்லாரும் அத்தை என்றுதான் சொல்கிறார்கள்

அம்மான், 12 செப்டம்பர் 2017

அன்புள்ள அண்ணன் நாயிஃபுக்கு,

இறைவன் புண்ணியத்தில் நான் நலம். நீங்களும் மகள் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள். அகபாவின் கடல் காற்று உங்கள் மூச்சிரைப்புக்கு ஒத்துக்கொள்கிறதா? இதை ஃபோனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டி, ஜன்னலோரம் இருந்தே செவிடாகிப்போன உங்கள் காதுக்குக் கேட்கும்படி பேசினால், மூன்று மாடிக்கும் நம் குடும்ப விஷயம் தெரிந்துவிடுகிறது. அதனால் பஸ் டிரைவர் ஜரீஸ் கையில்தான் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

என் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது. வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு ஏழாம் வட்டச் சந்திப்பிலுள்ள மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் எங்கள் லுவைப்தா தெரு முனையில் ஊன்றுகோலோடு நின்றேன். நான்கு மஞ்சள் டாக்ஸி நின்றது. எங்கே என்று கேட்டார்கள், சொன்னேன். நான்கு பேரும் புருவத்தை உயர்த்தி நாக்கால் 'ட்ச்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்தாவது ஆள் ஏற்றிக்கொண்டான். பாதி வழியில் நிறுத்தி, வரிசையில் நின்று ஃபலாஃபில் வடை வாங்கி, என் எதிரிலேயே சாப்பிட்டு முடித்த பிறகுதான் வண்டியை எடுத்தான். எனக்கு ஒன்று கொடுத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எதிர் வீட்டுப் பெண் பாவப்பட்டு, வண்டி கூப்பிடும் செயலியை என் ஃபோனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கோபப்படாதீர்கள். படுவீர்கள் என்று தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
தங்கை வஜீஹா


அகபா, 25 செப்டம்பர்

தங்கை வஜீஹாவுக்கு,

நலம். மூச்சிரைப்பு குறைந்திருந்தது. உன் கடிதம் வந்த பிறகு கூடிவிட்டது.

நான் ஓட்டிய காலத்தில் ஒரு பயணியைக்கூட 'ட்ச்' சொல்லி அனுப்பியதில்லை. நீ நின்ற இடம் தப்பாக இருந்திருக்கும். எவனோ சொந்தக் காரை எடுத்துக்கொண்டு, பெர்மிட் இல்லாமல், பரீட்சை இல்லாமல், ஃபோனைப் பார்த்து ஓட்டுகிறான், அவன் வண்டியில் நாயிஃபின் தங்கை ஏறுகிறாள். என் கூட்டாளிகள் வாயிலிருந்து ரொட்டியைப் பிடுங்குகிறவர்கள் அவர்கள். என் மஞ்சள் வண்டியின் பெர்மிட்டை விற்று மகனை இன்ஜினியர் ஆக்கினேன். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தேய்ந்தது என் கையோடு போகட்டும் என்றுதான். இல்லாவிட்டால் நானே வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போயிருப்பேன்.

என் மகன் ராகானையும் கூப்பிடாதே. அவனுக்கு ஷ்மெய்சானி ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. கட்டடம் கட்டுகிறவனைப் போய் முழங்காலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது.

காலில் சூடு படும்படி வைத்துக்கொள்.
நாயிஃப்


அம்மான், 8 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், முழங்கால் இப்போது கொஞ்சம் மடங்குகிறது. உங்கள் மூச்சுக்கு ஜரீஸிடம் காட்டுப் புதினா கொடுத்திருக்கிறேன். கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

இதுவரை ஆறு தடவை செயலி வண்டியில் போய்விட்டேன். நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். முதல் ஆள் பின்சீட்டில் ஒரு பெரிய பானை மக்லூபா சோற்றை வைத்திருந்தான், தங்கை வீட்டு விருந்துக்காம். வளைவு வரும்போதெல்லாம் அதை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இறங்கியபோது என்னைவிடப் பானையைப் பற்றித்தான் கவலையாக விசாரித்தான். இரண்டாமவன் வழி முழுக்கக் கல்யாணம் நின்றுபோன கதையைச் சொல்லி அழுதான். அவனுக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லிப் பயிற்சியைத் தவறவிட்டேன். மூன்றாமவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு சிகரெட் பிடித்தான், அவனுக்கு ஒரே நட்சத்திரம்தான். நான்காமவன் நான் வண்டியில் விட்ட மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுக்க மூன்று மாடி ஏறி வந்தான். ஒரு கிளாஸ் தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

எல்லாருக்கும் பொதுவான ஒரு பேச்சு இருக்கிறது. ஏறியதும், "போலீஸ் நிறுத்துனா என் அத்தைன்னு சொல்லிடுங்கம்மா" என்பார்கள். பெர்மிட் இல்லாத வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால் பிடித்துக்கொள்வார்களாம். இந்த ஒரு மாதத்துக்குள் எனக்கு ஆறு மருமகன்கள். குழந்தையில்லாத விதவைக்கு இது ஒரு யோகம்தான்.

வஜீஹா


அம்மான், 20 அக்டோபர்

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று நேரில் பேச நாக்கு எழவில்லை, அதனால் இதை உங்கள் கதவுக்கடியில் வைத்துவிட்டுப் போகிறேன். கால் நலமாக இருக்கும்.

நீங்கள் கூப்பிட்ட வண்டி என்னுடையதாக வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "நீ எந்த அத்தையைக் கூட்டிப் போக வந்தே?" என்று கேட்டீர்கள். நான் சிரித்திருக்க வேண்டும், முடியவில்லை.

ஆபீஸை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. இருபத்திரண்டு இடத்துக்கு எழுதிப்போட்டேன். காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள், அப்பாவிடம் அதைத்தான் சொல்கிறார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் கார் சாவியைப் பிடுங்கிவிடுவார். பட்டம் வாங்கிய அன்று வாங்கிக் கொடுத்தாலும், பதிவு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அது போனால் வாடகைக்கும் வழியில்லை. அதைவிட, அவர் முகத்தை நான் பார்க்க முடியாது. ரொட்டித் திருடன் என்று அவர் திட்டும்போதெல்லாம் ஆமாம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்களுக்கு எப்போது போக வேண்டுமோ நான் வருகிறேன், காசு வேண்டாம்.

ராகான்


அம்மான், 6 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். முதல் மழை பெய்துவிட்டது, எங்கள் தெரு ஆறாக ஓடுகிறது. உங்கள் பக்கம் வெயில்தானே?

இப்போது வழக்கமாக ஒரே பையன்தான் வருகிறான். வெள்ளைக் கார், சுத்தமாக வைத்திருக்கிறான். பையையும் ஊன்றுகோலையும் அவனே எடுத்து வைக்கிறான். பள்ளத்தில் மெதுவாக இறக்குவான், என் முழங்காலுக்கு அது தெரியும். காசு வேண்டாம் என்று சொல்கிறான். நான் விடவில்லை. செயலியில் கூப்பிட்டால்தான் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன், உழைத்ததற்குக் கூலி வாங்கத்தான் வேண்டும். நல்ல வளர்ப்பு. வேறு விசேஷமில்லை.

ராகான் நலமாக இருக்கிறான். கடுமையாக உழைக்கிறான்.

வஜீஹா


அகபா, 15 நவம்பர்

வஜீஹாவுக்கு,

நான் நலமில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

காசு வேண்டாம் என்று சொல்லும் டிரைவரை முப்பது வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது. தனியாக இருக்கும் விதவை, லுவைப்தாவில் சொந்த வீடு, வயது அறுபத்தொன்று. அவன் பையைத் தூக்குகிறான், ஊன்றுகோலைத் தூக்குகிறான், கடைசியில் வீட்டையே தூக்கிக்கொண்டு போவான். இல்லையென்றால் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளப் பார்க்கிறான். சிரிக்காதே. இங்கே என் மகளின் பக்கத்து வீட்டில் நடந்தது.

அவன் எந்த ஊர், அவன் அப்பன் யார், உடனே விசாரித்து எழுது. இப்படி ஊரான் வீட்டுப் பெண்பிள்ளையிடம் குழைகிற பையனை வளர்த்த அப்பனை எனக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நாயிஃப்


அம்மான், 27 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பதறாதீர்கள், எனக்குக் கல்யாண யோசனை இல்லை.

விசாரித்தேன். அவன் அப்பாவை எனக்கு நன்றாகவே தெரியும். நல்ல மனிதர். ஆனால் முன்கோபி. மற்றவர் பேச வாயெடுப்பதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார். அதனால் பிள்ளைக்கு அவரிடம் உண்மை பேசவே பயம். பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கிறார் என்பதை அந்தப் பிள்ளையைத் தவிர எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட மனிதரை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள்.

மூச்சுக்கு மருந்து தவறாமல் சாப்பிடவும்.
வஜீஹா


அம்மான், 14 டிசம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பதை இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அந்த வெள்ளைக் கார் உங்களுடையது. அந்தப் பையன் ராகான். அவன் ஆபீஸை மூடி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு அக்டோபரிலேயே தெரியும், உங்களிடம் மறைத்தேன். குற்றம் என்மேல்தான். அதற்கு மேலும் ஒரு குற்றம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போகும்போது ஐந்தாம் வட்டத்தில் போலீஸ் நிறுத்தியது. "யாரு இவங்க?" "என் அத்தை சார்." அந்த அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ராகானைக் கீழே இறக்கி வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "சரி, உங்க அத்தை பேரு என்ன?" என்று கேட்டார்.

உங்கள் மகன் என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு ஒரு பிள்ளை இருந்தால் நம் வழக்கப்படி இன்னாரின் அம்மா என்று சொல்லித் தப்பித்திருப்பான். அதுவும் இல்லை. "வீட்டுப் பொம்பளைங்க பேரைத் தெருவுல சொல்றது எங்க அப்பாவுக்குப் பிடிக்காது சார்" என்றான். அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? "காலையிலேருந்து நீ எனக்குப் பன்னிரண்டாவது மருமகன். மத்த பதினோரு பேரும் அத்தை பேரையாவது கேட்டு வச்சிருந்தாங்க."

நான் ஜன்னல் வழியாக என் பெயரையும் என் அப்பா பெயரையும் கத்தினேன். அடையாள அட்டை அன்றைக்கென்று பழைய கைப்பையில் தங்கிவிட்டது. அவர் முன்னால் மாட்டியிருந்த ஃபோனைக் காட்டினார். செயலியில் என் பயணம் ஓடிக்கொண்டிருந்தது. கூலி வாங்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தானே. பன்னிரண்டு அத்தைகளில் உண்மையான அத்தை நான் ஒருத்திதான், என்னால்தான் வண்டி போயிற்று.

கார் இப்போது போலீஸ் மைதானத்தில் நிற்கிறது. பதிவில் பெயர் உள்ளவர் நேரில் வந்து, இனி இந்த வண்டி கூலிக்கு ஓடாது என்று கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள். ராகான் மூன்று நாளாக என் வீட்டில் இருக்கிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

வஜீஹா


அகபா, 4 ஜனவரி 2018

வஜீஹாவுக்கு,

செவ்வாய் காலை பஸ்ஸில் வருகிறேன். வண்டியை எடுத்து நானே அகபாவுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன். சாவி இனி அவன் கையில் இருக்காது. பஸ் நிலையத்துக்கு அவன் வர வேண்டாம், எனக்கு மைதானத்துக்கு வழி தெரியும். எனக்காகச் சமைக்காதே.

நாயிஃப்


அகபா, 13 ஜனவரி

அன்புத் தங்கை வஜீஹாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மூச்சு பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்கு வராமலே திரும்பியதற்குக் கோபித்துக்கொண்டிருப்பாய், அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பஸ் நிலையத்தில் மழை. மஞ்சள் டாக்ஸிக்குக் கை காட்டினேன். முதல் மூன்று பேர் 'ட்ச்'. நான்காமவன் ஏற்றிக்கொண்டான். என்னைச் சுற்றுலாக்காரன் என்று நினைத்து நகரத்தை ஒரு முழு வலம் வந்தான். இது நானே கண்டுபிடித்த வழியடா என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டு நடுவழியில் இறங்கிவிட்டேன். ஒரு மருந்துக் கடைப் பெண் என் நிலைமையைப் பார்த்து, தன் ஃபோனில் செயலி வண்டி கூப்பிட்டுக் கொடுத்தாள். ஏறினேன். வேறு என்ன செய்ய?

பையன் பெயர் முராத். முன்சீட்டைத் துடைத்து உட்கார வைத்தான், ஹீட்டரை என் பக்கம் திருப்பினான். "போலீஸ் நிறுத்துனா எங்கப்பான்னு சொல்லிடுங்க ஹாஜி" என்றான். நான் அப்படியெல்லாம் பொய் சொல்லுகிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆறாம் வட்டத்தில் நிறுத்தினார்கள். இளம் அதிகாரி என் பக்கம் குனிந்து, "யாரு ஹாஜி இவன்?" என்று கேட்டதும் என் வாயிலிருந்து, "என் மகன்" என்று வந்துவிட்டது. "பேரு?" "ராகான்." வேறு எந்தப் பெயரும் எனக்கு வரவில்லை வஜீஹா.

அவர் கையில் இருந்த லைசென்ஸில் முராத் என்று இருந்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி என்னைப் பார்த்து, "பெத்த மகன் பேரே உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செவிடன் பேச்சு, தெருவே திரும்பிப் பார்த்தது. "தெரியாதுதான்யா. அவன் எங்க வேலை பாக்குறான்னு தெரியாது, வேலை போயி ஒன்றரை வருஷம் ஆச்சுன்னு தெரியாது. சாப்பிட்டானான்னு தெரியாது. என்கிட்ட சொல்லவே பயந்துட்டான். அப்படி ஒரு அப்பன் நான்" என்று சொன்னேன். எதுவும் நாடகமில்லை.

அதிகாரி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முராத்தைப் பார்த்து, "அப்பாகிட்ட கொஞ்சம் மரியாதையா நடந்துக்க" என்று திட்டினார். அவன் பாவம், ஒரு தப்பும் செய்யாமல் தலையைக் குனிந்துகொண்டு, "சரி சார்" என்றான். மைதான வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது என் கையை முத்தமிட்டான்.

ராகான் மைதான வாசலில் நனைந்துகொண்டு நின்றான், உன் சால்வை கழுத்தில். வர வேண்டாம் என்று சொன்னேன், வந்திருந்தான். மெலிந்திருக்கிறான். உள்ளே காகிதத்தை நீட்டினார்கள்: என் பெயரிலுள்ள இந்த வண்டி இனி கூலிக்கு ஓடாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவனிடம் கேட்டேன்: "சாவியைக் குடுத்தா நாளைக்கு என்ன பண்ணுவே?" அவன் பயந்தான், ஆனால் பொய் சொல்லவில்லை. "ஓட்டுவேன்ப்பா" என்றான்.

பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். பதினொரு மணிக்கு அவனைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வண்டியை அவன் பெயருக்கு மாற்றிவிட்டேன். "வாக்குக் குடுத்துட்டீங்களேப்பா" என்றான். என் வண்டிக்குத்தான் கொடுத்தேன், என் பெயரில் இப்போது வண்டியே இல்லை, இனி பெர்மிட்டுக்கு மனுப் போடு, கிடைக்கும் வரை உன் பாடு போலீஸ் பாடு என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அவனே என்னை பஸ் நிலையத்தில் விட்டான். வழியில் ஒரு குறை சொல்லலாம் என்று ஏழு கிலோமீட்டர் கவனித்தேன். பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக மிதிக்கிறான், வேறு ஒன்றும் அகப்படவில்லை. பஸ்ஸில் ஜரீஸ் வழக்கம்போல், "இன்ஜினியர் எப்படி இருக்கான்?" என்று கேட்டான். "இன்ஜினியர் இல்ல, டிரைவர். என்னைவிட நல்லா ஓட்டுறான்" என்று சொன்னேன். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

இதை மட்டும் ராகானிடம் சொல்லிவிடாதே. தலைக்கனம் வந்தால் கை தளர்ந்துவிடும். பிரேக்கை மட்டும் சொல்.

முழங்காலைக் கவனித்துக்கொள்.
நாயிஃப்


அம்மான், 22 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். ஊன்றுகோலை விட்டுவிட்டேன்.

உங்கள் குடும்பத்துக்காக இனி நான் எந்த ரகசியமும் காப்பதாக இல்லை. ஒன்று காத்ததற்கே ஒரு கார் போய் வந்தது. உங்கள் கடிதத்தை நேற்று ராகானின் வண்டியில் உட்கார்ந்து அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பிரேக் பற்றி எழுதியதற்குச் சிரித்தான். ஜரீஸிடம் நீங்கள் சொன்னதைப் படித்தபோது சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். "இன்னொரு தடவை படிங்க அத்தை" என்றான், படித்தேன். விளக்கு பச்சையானதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. பின்னால் நின்ற மஞ்சள் டாக்ஸிக்காரர்கள் ஹார்ன் அடித்து, உங்களையும் என்னையும் நம் முன்னோரையும் சேர்த்துத் திட்டினார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பச்சைக்குத்தான் வண்டியை எடுத்தான்.

தங்கை வஜீஹா